அனுமதி ரத்தான பிறகும் நீளும் நோய்

மருத்துவக் காப்பீடு என்பது, யாருக்கு எப்போது வரும் என்று தெரியாத நோயின் பெருஞ்செலவை வந்தவர் ஒருவரே சுமக்காமல், பலரும் முன்கூட்டியே சிறு தொகைகளாகச் செலுத்திப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடாகும். அந்தப் பகிர்வுக்குள் ஒருவர் எந்தத் தகுதியின் பேரில் சேர்க்கப்படுகிறாரோ, அந்தத் தகுதி நீங்கும்போது காப்பும் நீங்கும். குடியுரிமையால் சேர்ந்தவர் குடிமகனாக இருக்கும்வரை காக்கப்படுவார். கைக்காசால் சந்தா கட்டிச் சேர்ந்தவர் கட்ட முடிகிறவரை காக்கப்படுவார். வேலையால் சேர்ந்தவர் வேலை இருக்கிறவரைதான் காக்கப்படுவார். இம்மூன்றில் கடைசியானதில் மற்ற இரண்டிலும் இல்லாத ஒரு கொடுமை உண்டு. கடும் நோய் கண்டவரால் வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாதவர் நாளடைவில் வேலையை இழப்பார். வேலையை இழந்தவரின் காப்பீடு அத்துடன் அற்றுப்போகும். எந்த நோய்க்கு அஞ்சிக் காப்பீடு எடுக்கப்பட்டதோ, அந்த நோயே காப்பீட்டை அறுத்துவிடுகிறது.

இந்த முடிச்சு பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் இரண்டாம் உலகப்போரின்போது, 1942இல், ஊதிய உயர்வுக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. ஆள் கிடைக்காமல் தவித்த முதலாளிகள் கூடுதல் ஊதியத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீட்டை வழங்கத் தொடங்க, போர்க்காலத்து இடைக்கால ஏற்பாடு நாட்டின் நிலையான அமைப்பாகிவிட்டது. வேலை இழந்தவர் பழைய நிறுவனக் காப்பீட்டை 18 மாதங்கள்வரை தொடரலாம் என்று 1980களில் சட்டம் வந்தது. ஆனால் முதலாளி கட்டிவந்த பங்கையும் சேர்த்து முழுச் சந்தாவையும், நிர்வாகச் செலவுக்காக அதற்கு மேல் 2 விழுக்காட்டையும், வருமானம் நின்றுபோன அவரே கட்ட வேண்டும் என்பதால், அந்த உரிமையைப் பயன்படுத்த இயலாதவர்கள் ஏராளம். சிங்கப்பூரின் கதை வேறு வகையானது. அந்நாடு இந்த முடிச்சைத் தன் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பெருமளவு அவிழ்த்துவிட்டது. தன் மண்ணில் உழைக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இன்னும் அவிழ்க்கவில்லை. சாங்கி பொது மருத்துவமனையில் அடுத்தடுத்த கட்டில்களில் ஒரே நோயோடு படுத்திருக்கும் இருவரில், ஒருவர் வேலை இழந்தாலும் காப்பீட்டை இழக்கமாட்டார். மற்றவர் வேலையோடு காப்பீட்டையும், சிங்கப்பூரில் தங்கும் உரிமையையும் சேர்த்தே இழப்பார். அந்த வேறுபாடு எப்படி உண்டாயிற்று, அதைக் குறைக்க என்ன வழி என்பவையே இவ்வுரையின் பொருள்.

ஏழை நோயாளியின் செலவு எங்கிருந்து வரவேண்டும் என்ற கேள்வி சிங்கப்பூரில் கிட்டத்தட்ட அந்நகரின் வயதளவு பழையது. 1830களில் ஏழைகளுக்கான மருத்துவமனைச் செலவு பன்றி இறைச்சி விற்பனையின் மீது விதிக்கப்பட்ட வரியிலிருந்து வந்தது; கல்கத்தாவிலிருந்த ஆட்சியாளர்கள் 1837இல் அந்த வரியை நீக்கியதும், அதை நம்பியிருந்த நோயாளிகளுக்கு ஆதரவு இல்லாமற்போயிற்று. வணிகர் டான் டோக் செங் வழங்கிய 5,000 வெள்ளி நன்கொடையில், அவர் பெயரையே இன்றுவரை தாங்கி நிற்கும் மருத்துவமனைக்கு 1844இல் அடிக்கல் நாட்டப்பட்டது. சாங்கியின் மருத்துவ வரலாறோ படைமுகாமின் வேலிக்குள் தொடங்குகிறது. 1930களில் பிரிட்டிஷார் எழுப்பிய கட்டடங்களில் இயங்கிய மருத்துவமனை படையினருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் உரியது. படைப்பணியே அங்கே மருத்துவ உரிமையைத் தந்தது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய பின், 1976இல் அது பொதுமக்களுக்கான மருத்துவமனையாயிற்று. 1997இல் தோ பாயோ மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டு, சீமெய்யில் கட்டப்பட்ட புதிய வளாகத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய சாங்கி பொது மருத்துவமனையாக வளர்ந்தது. வேலியைத் தாண்டி வெளியே வந்த மருத்துவமனை என்று அதைச் சொல்லலாம். அந்த வெளிவரவு இன்னும் முழுமையடையவில்லை என்பதையும் உடன் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிங்கப்பூர்வாசிகளுக்கான இன்றைய ஏற்பாடு 1983ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரத் திட்டத்திலிருந்து படிப்படியாக எழுந்தது. முதற்படி, 1984 ஏப்ரலில் தொடங்கிய மெடிசேவ். மத்திய சேமநிதிக்குச் செல்லும் தொகையில் ஒரு பகுதியை, வயதுக்கேற்பச் சம்பளத்தில் 8 முதல் 10.5 விழுக்காடுவரை, மருத்துவச் செலவுக்கென்றே அவரவர் பெயரில் ஒதுக்கிவைக்கும் கணக்கு அது. வேலை போனால் புதுப் பணம் சேராது. சேர்ந்த பணம் போகாது. ஆனால் சேமிப்பு என்பது காப்பீடு ஆகாது. இளமையிலேயே பெருநோய் கண்டவரின் கணக்கில் என்ன இருந்துவிடப் போகிறது? அதனால்தான் 1990இல் மெடிஷீல்டு என்ற காப்பீடும், அவ்விரண்டும் போதாதவர்களுக்கு 1993இல் மெடிஃபண்ட் என்ற அறநிதியும் ஏற்பட்டன. பழைய மெடிஷீல்டில் வயது உச்சவரம்பு இருந்தது. முன்பே இருந்த நோய்களுக்குக் காப்பு மறுக்கப்பட்டது. விரும்பாதவர் விலகிக்கொள்ளவும் முடிந்தது. உடல்நலமுள்ளோர் விலகவும் நோயுள்ளோர் விலக்கப்படவும் இடம் தரும் காப்பீடு, தன் பெயருக்குரிய வேலையைப் பாதிதான் செய்யும். 2015 நவம்பர் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த மெடிஷீல்டு லைஃப் இம்மூன்று குறைகளையும் ஒருசேர நீக்கியது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அனைவரும் அதில் அடக்கம். யாரும் விலக முடியாது. முன்னரே கடும் நோய் இருந்தவர்கள் 10 ஆண்டுகளுக்கு 30 விழுக்காடு கூடுதல் சந்தா கட்டினால் போதும். உயிருள்ளவரை காப்பு உண்டு. சந்தா கட்ட இயலாத காரணத்தால் எவரும் நீக்கப்படமாட்டார் என்று அரசு உறுதியளித்திருக்கிறது.

இதன் மதிப்பு, 2020ஆம் ஆண்டு சாங்கி விமான நிலையம் ஏறத்தாழ வெறிச்சோடியபோது தெரிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களைக் குறைப்பதாகவும், அதனால் ஏறத்தாழ 2,400 ஊழியர்கள் நேரடியாகப் பாதிக்கப்படுவார்கள் என்றும் அறிவித்தது. இப்படி ஆட்குறைப்புக்கு உள்ளாகும் எவருக்கும் சம்பளத்தோடு நிறுவனத்தின் குழுக் காப்பீடும் போய்விடும். குழுக் காப்பீடு என்பது, நிறுவனம் தன் ஊழியர் அனைவருக்குமாக ஒரே ஒப்பந்தத்தில் எடுக்கும் காப்பீடு. ஊழியர் அதில் பெயராக மட்டுமே இருக்கிறார், அவருக்கென்று தனி ஒப்பந்தம் கிடையாது. ஆனால் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தவரின் காலடியில் மெடிஷீல்டு லைஃப் என்ற தளம் அப்படியே இருந்தது. மெத்தை போயிருக்கலாம், தரை போகவில்லை.

அந்தத் தரையில் நிற்கத் தெரிய வேண்டும் என்பதும் உண்மையே. குழுக் காப்பீட்டை நம்பித் தனியார் மருத்துவமனையில் சிகிச்சை தொடங்கியவர், அதை இழந்த பின்னும் அங்கேயே தொடர்ந்தால் மெடிஷீல்டு லைஃப் தொகை போதாது. ஏனெனில் அது பொது மருத்துவமனையின் சி, பி2 வகுப்புப் படுக்கைகளின் கட்டணத்தை அடிப்படையாகக் கொண்டு வகுக்கப்பட்டது. அவர் பலதுறை மருந்தகம் ஒன்றுக்குச் சென்று, அங்கிருந்து பரிந்துரை பெற்று, மானியக் கட்டண நோயாளியாகப் பொது மருத்துவமனைக்கு மாறுவதே வழி. நேரடியாக நிபுணரிடம் சென்றால் அந்த மானியம் கிடைக்காது என்பதைப் பலர் கட்டணச்சீட்டு கைக்கு வந்த பிறகே அறிகிறார்கள். மெடிஷீல்டு லைஃபின் மேல் தனியார் நிறுவனங்களின் கூடுதல் காப்பீட்டைச் சொந்தப் பொறுப்பில் வைத்திருப்பவர், பணமுடை வந்த மாதத்தில் அதை அவசரப்பட்டு ரத்து செய்துவிட்டால், பிறகு மீண்டும் சேரும்போது இடையில் வந்த நோய்களுக்குக் காப்பு மறுக்கப்படும். முற்றாக விடுவதைவிடக் குறைந்த சந்தாவுள்ள வகைக்கு இறங்கிக்கொள்வது அறிவுடைமை. வேலையைவிட்டு நீங்கிய பின்னும் 12 மாதங்கள்வரை உள்நோயாளிக் காப்பைத் தொடரச் செய்யும் மாற்றத்தக்க காப்பீட்டுத் திட்டம் ஒன்றும் சிங்கப்பூரில் உண்டு. அதை ஏற்கும் நிறுவனங்களுக்கு வரிச்சலுகை கூடுதலாகக் கிடைக்கிறது. ஆயினும் அது கட்டாயமன்று. ஆட்குறைப்புக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் அத்தகைய ஏற்பாடு தம் நிறுவனத்தில் உண்டா என்று கேட்பது ஒவ்வோர் ஊழியரின் உரிமை. இவ்வளவுக்குப் பிறகும் கட்டணம் மிஞ்சினால், மருத்துவமனையின் மருத்துவ சமூக ஊழியரைப் பார்க்கலாம். நோயாளியின் வருமானத்தையும் குடும்ப நிலையையும் ஆராய்ந்து தவணைக்கும் உதவி நிதிக்கும் வழிசெய்பவர் அவர். குடிமக்களுக்கு மெடிஃபண்ட் கதவைத் திறந்துவிடுபவரும் அவரே.

இங்கே தரை முடிகிறது. வெளிநாட்டு ஊழியருக்கு மெடிசேவ் இல்லை, மெடிஷீல்டு லைஃப் இல்லை, மெடிஃபண்ட் இல்லை. ஒரு காலத்தில் அரசாங்க மருத்துவமனைகளில் அவர்களுக்கும் மானியம் இருந்தது. அது விலக்கிக்கொள்ளப்பட்ட காலத்திலேயே, 2008 ஜனவரி 1 முதல், வேலை அனுமதியிலும், ‘எஸ் பாஸ்’ என்ற இடைநிலைத் திறனாளர் அனுமதியிலும் இருப்போருக்கு முதலாளி 5,000 வெள்ளிக்கேனும் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. மானியத்தின் இடத்தைக் காப்பீடு பிடித்தது என்று இதைச் சுருக்கமாகச் சொல்லலாம்; ஆனால் 5,000 வெள்ளி என்பது மானியமில்லாக் கட்டணத்தில் சில நாள் தீவிர சிகிச்சைக்குள் கரைந்துவிடும் தொகை. 2010இல் அது 15,000 ஆயிற்று. அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் மருத்துவக் கட்டணம் ஏறிக்கொண்டே போக, காப்புத்தொகை அசையாமல் நின்றது. 2023 ஜூலை 1 முதல்தான் அது 60,000 வெள்ளியாக உயர்ந்தது. (தொழில்நுட்பத் துறையிலும் நிதித்துறையிலும் உயர்பதவி வகிக்கும் வேலைவாய்ப்பு அனுமதிக்காரர்களுக்கு இந்தக் கட்டாயமும் கிடையாது, நிறுவனம் விரும்பித் தந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து குடியேறிய கணினித் துறையினர் பலர் இந்தப் பிரிவினர் என்பதால், அவர்கள் தமக்கும் பிள்ளைகளுக்கும் தனிக் காப்பீடு வைத்திருப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதை வேலை இருக்கும்போதே உணர்வது நல்லது.)

புதிய ஏற்பாட்டின் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தொழிலாளியின் மருத்துவமனைக் கட்டணம் 50,000 வெள்ளி என்று கொண்டால், முதல் 15,000 வெள்ளியைக் காப்பீட்டு நிறுவனம் முழுமையாக ஏற்கும்; எஞ்சிய 35,000 வெள்ளியில் 75 விழுக்காடான 26,250 வெள்ளியை அந்நிறுவனமும், 25 விழுக்காடான 8,750 வெள்ளியை முதலாளியும் ஏற்க வேண்டும். 2025 ஜூலை முதல் சீர்திருத்தத்தின் இரண்டாம் கட்டம் நடப்பில் உள்ளது. எவற்றுக்குக் காப்பு இல்லை என்ற விலக்கு விதிகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே மாதிரியாக்கப்பட்டன. காப்பீட்டுப் பணம் முதலாளி வழியாகச் சுற்றிவராமல் மருத்துவமனைக்கே நேரடியாகச் செல்ல வழிசெய்யப்பட்டது. 50 வயதுக்கு உட்பட்டோருக்கும் மேற்பட்டோருக்கும் சந்தா வேறுபடுத்தப்பட்டது. முதலிரண்டும் ஐயத்துக்கிடமின்றி நல்லவை. மருத்துவமனைகள் கேட்கும் முதலாளியின் உத்தரவாதக் கடிதத்துக்காக, தொழிலாளிகள் ‘கம்பெனி லெட்டர்’ என்று சொல்லும் அந்தத் தாளுக்காக, அவசரமில்லாத சிகிச்சைகள் காத்துக்கிடப்பது நெடுங்காலக் குறை. பணம் நேரே செல்லும்போது அக்கடிதத்தின் இரும்புப்பிடி தளர இடமுண்டு. ஆனால் முதலாளியின் 25 விழுக்காட்டுப் பங்குக்கும் வயதுக்கேற்ற சந்தாவுக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. நோயுற்ற தொழிலாளி, அதிலும் வயதேறிய தொழிலாளி, மருத்துவமனைக் கட்டணம் 15,000 வெள்ளியைத் தாண்டும்போதெல்லாம் முதலாளிக்குச் செலவாகிறார். வேலை அனுமதியை எந்த நேரத்திலும் ரத்து செய்யும் உரிமை அந்த முதலாளியின் கையிலேயே இருக்கிறது. மனிதநேயமுள்ள முதலாளிகள் பலர் உண்டு; எனினும், ஒருவரின் நல்ல மனத்தைச் சோதித்துப் பார்க்கும்படி சட்டம் அமைந்திருப்பது சட்டத்தின் குறையே ஆகும்.

கட்டாயக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரையறை உள்நோயாளி சிகிச்சையையும் பகல்நேர அறுவை சிகிச்சையையும் மட்டுமே தழுவியது. கோவிட் கிருமிப்பரவலின் பாடமாக, 2022 ஏப்ரல் முதல் தங்கும் விடுதிகளில் வசிப்போருக்கும் கட்டுமானம், கப்பல்பட்டறை, ரசாயன ஆலைத் துறைகளில் வேலை செய்வோருக்கும் அடிப்படைப் பராமரிப்புத் திட்டம் என ஒன்று சேர்ந்தது. ஓர் ஊழியருக்கு ஆண்டுக்கு 108 முதல் 138 வெள்ளிவரை முதலாளி கட்ட, ஊழியர் மருத்துவ நிலையத்துக்குச் செல்லும்போது 5 வெள்ளியும், தொலைமருத்துவ ஆலோசனைக்கு 2 வெள்ளியும் தருகிறார். காய்ச்சலுக்கும் இடுப்புவலிக்கும் ‘எம்சி’ என்ற மருத்துவ விடுப்புச் சான்று வாங்கப் பயந்த காலம் ஓரளவு மாறியிருக்கிறது. தங்கும் விடுதிகளில் இருந்தோரில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினரைக் கிருமி தொற்றிய 2020ஆம் ஆண்டில், அவர்களுடைய சிகிச்சைச் செலவை அரசே ஏற்றது. சாங்கி கண்காட்சி நிலையத்தின் கூடங்கள் குணமடைந்துவரும் நோயாளிகளின் படுக்கைகளால் நிறைந்தன. அந்த ஓராண்டில் எவரும் நோயாளியின் அனுமதிச் சீட்டை முதலில் பார்த்துவிட்டு நாடியைப் பிடிக்கவில்லை. ஒரு தொழிலாளியின் நோய் நகரம் முழுவதன் நோய் என்பது அப்போது எல்லார்க்கும் விளங்கிற்று. சிறுநீரகச் செயலிழப்பும் புற்றுநோயும் தொற்றுவதில்லை. அதனால் அவை நகரத்தின் நோயாகக் கருதப்படுவதில்லை. அடிப்படை மருத்துவத்துக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் நடுவிலிருக்கும் புறநோயாளி நிபுணர் சிகிச்சைதான் அத்தகைய நோய்களின் களம். இரு கட்டாயத் திட்டங்களும் தொடாமல் விட்ட இடமும் அதுவே.

சட்டப்படி, வெளிநாட்டு ஊழியர் சிங்கப்பூரில் இருக்கும்வரை அவருடைய உணவு, தங்குமிடம், மருத்துவச் செலவு ஆகியவை முதலாளியின் பொறுப்பு. காப்பீட்டை மீறிய செலவில் ஒரு பகுதியை ஊழியர் ஏற்பதாக ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆனால் அது மாதச் சம்பளத்தில் 10 விழுக்காட்டையும், மொத்தம் 6 மாதங்களையும் மீறக்கூடாது. அனுமதி ரத்தானால் காப்பீடு வைத்திருக்கும் கட்டாயம் முடிந்துவிடுகிறது. ஊழியரை ஊருக்கு அனுப்பும்வரையான பொறுப்பு மட்டும் நீள்கிறது. பயணம் செய்யத்தக்க உடல்நிலை வந்துவிட்டதென மருத்துவர் சொல்லிவிட்டால், மீதிச் சிகிச்சை எங்கே, யார் செலவில் என்ற கேள்விக்குச் சிங்கப்பூர்ச் சட்டத்தில் விடையில்லை. சாங்கி விமான நிலையத்தின் புறப்பாட்டு வாசலோடு அச்சட்டத்தின் எல்லை முடிகிறது.

இதே தொழிலாளி நோயால் வீழாமல் சாரத்திலிருந்து விழுந்திருந்தால் நிலைமை வேறு. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம், விபத்து நடந்த நாளில் அவர் அங்கே ஊழியராக இருந்தாரா என்பதை மட்டுமே பார்க்கிறது. மறுநாளே அனுமதி ரத்தானாலும் உரிமை போகாது. விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்கலாம். ஓராண்டுவரை அல்லது சட்டம் விதித்த உச்சத்தொகைவரை மருத்துவச் செலவு கிடைக்கும். மருத்துவ விடுப்பில் வெளிநோயாளியாக 14 நாள்களும் மருத்துவமனையில் 60 நாள்களும் முழுச் சம்பளம், அதன்பின் மூன்றில் இரு பங்கு சம்பளம் என்று ஓராண்டுவரை அது நீளும். கோரிக்கை முடியும்வரை அவர் ‘ஸ்பெஷல் பாஸ்’ என்ற சிறப்பு அனுமதியில் நாட்டில் தங்கலாம். ஆகவே, காயம்பட்டவர் எத்தனை வற்புறுத்தல் வந்தாலும் விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் மருத்துவரிடம் முதல் நாளிலேயே தெளிவாகச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். விடுதியில் வழுக்கி விழுந்ததாக எழுதப்பட்ட ஒரு வரி, பின்னர் பல மாத வழக்காக முடியக்கூடும். வீட்டுப் பணிப்பெண்கள் இச்சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்பதையும், அவர்களுக்குத் தனி விபத்துக் காப்பீடே உண்டு என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். காயத்துக்கு நிகழ்ந்த நாள் அளவுகோலாகிறது. நோய்க்கு அனுமதிச் சீட்டின் ஆயுள் அளவுகோலாகிறது. இந்த இரட்டை அளவுக்கு நியாயம் கற்பிப்பது அரிது.

சிறப்பு அனுமதியில் இருப்போர் பொதுவாக வேலை செய்ய முடியாது. சட்டம் அவர்களைத் தங்க விடுகிறது, சம்பாதிக்க விடுவதில்லை. அந்த இடைவெளியில் உருவானதே லிட்டில் இந்தியாவின் தொண்டு மரபு. இடம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காகப் பாடுபடும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008இல் கஃப் ரோட்டில் தொடங்கிய உணவுத் திட்டம், வேலையும் வருமானமும் இன்றி வழக்கு முடிவுக்குக் காத்திருப்போருக்கு இலவச உணவு அளிப்பது. சாப்பிட வருவோரிடம் பேச்சுக் கொடுத்து அவர்களின் வழக்கு விவரங்களைக் கேட்டறிவதும் அங்கேயே நடக்கிறது. டாக்டர் கோ வெய் லியோங் 2006இல் இணைந்து நிறுவிய ஹெல்த்செர்வ், தொண்டூழிய மருத்துவர்களைக்கொண்டு மிகக் குறைந்த கட்டணத்தில் மருத்துவம் பார்க்கிறது. சிராங்கூன் சாலையில் இயங்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையம், தொழிற்சங்கக் காங்கிரசும் முதலாளிகள் சம்மேளனமும் இணைந்து 2009இல் ஏற்படுத்தியது. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் காய்கறி வாங்கவும் ஊருக்குப் பணம் அனுப்பவும் திரளும் தமிழ்த் தொழிலாளர்களில், இவற்றின் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. இந்நிறுவனங்கள் செய்வது பெரும்பணி. ஆனால் டான் டோக் செங் காலத்தைப் போலவே, வற்றிய வரியின் இடத்தை ஈகை நிரப்பும் நிலையை நெடுநாள் வைத்திருப்பது எந்த அரசுக்கும் ஏற்புடையதன்று.

தீர்வைத் தொலைவில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஆலைத் தொழிலாளர் நன்கறிந்த இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டில் அதன் வித்து இருக்கிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த அத்திட்டம், பணம் கட்டும் காலத்தையும் பயன்பெறும் காலத்தையும் வேண்டுமென்றே பிரித்துவைத்தது. ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை கட்டிய சந்தா, அடுத்த ஜனவரி முதல் ஜூன்வரையான பயனுக்குத் தகுதி தருகிறது. செப்டம்பர் இறுதியில் வேலை இழந்தவருக்கும் அடுத்த ஆண்டின் நடுப்பகுதிவரை காப்பு இருக்கும். மேலும், காசநோய், புற்றுநோய் முதலிய 34 நெடுநோய்களில் ஒன்று கண்டவர், இரண்டு ஆண்டு தொடர் பணி முடித்திருந்தால், மொத்தம் 2 ஆண்டுகள்வரை ஊதியத்தில் 80 விழுக்காட்டை நோய்ப்பயனாகப் பெறலாம். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளின் நெரிசலும் மருந்துத் தட்டுப்பாடும் ஊரறிந்தவை. அவற்றைக் குறைசொல்லாத தொழிலாளி இல்லை. ஆனால் அத்திட்டத்தின் அடித்தளத்தில் உள்ள எண்ணம் உயர்ந்தது. உழைத்த நாளில் ஈட்டிய காப்பு, உழைக்க முடியாத நாளில் பயன்படவேண்டும் என்பதே அது.

அந்த எண்ணத்தைச் சிங்கப்பூரின் கட்டாயக் காப்பீட்டில் பொருத்துவது நடைமுறைக்கு ஒவ்வாததன்று. அனுமதி நடப்பிலிருந்தபோது கண்டறியப்பட்ட நோய்க்கு, அனுமதி ரத்தான நாளிலிருந்து 6 மாதங்களுக்கேனும் அதே 60,000 வெள்ளி வரம்புக்குள் காப்பு நீடிக்கும் என்று ஒரு விதி சேர்த்தால், சந்தா சற்றே கூடும். அந்தக் கூடுதல் எல்லா முதலாளிகளுக்கும் பகிரப்படுவதால் தனியொருவரின் சுமை ஆகாது. நோயாளியை விரைந்து ஊருக்கு அனுப்புவதால் கிடைக்கும் சேமிப்பும் அத்துடன் குறைந்துவிடும். வாழ்நாள் முழுதும் நீளும் டயாலிசிஸ் செலவைச் சிங்கப்பூர் என்றென்றும் ஏற்க வேண்டும் என்று எவரும் கோரவில்லை. உடலை ஒரு நிலைக்குக் கொண்டுவந்து, அடுத்த மருத்துவர் கையில் ஒப்படைக்கும்வரை என்பதே கோரிக்கை. சாங்கி கிழக்கில் 2025 மே மாதம் பணி தொடங்கிய ஐந்தாம் முனையம் 2030களின் நடுப்பகுதியில் திறக்கப்படவிருக்கிறது. பத்தாண்டு நீளும் அந்த ஒரு கட்டுமானத்துக்கு வரும் தொழிலாளர்களில், இளைஞராக வந்து நடுவயதில் சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் காணப்போகிறவர்கள் பலர் இருப்பார்கள் என்பதை முன்னறிய மருத்துவப் படிப்பு தேவையில்லை.

சட்டம் மாறும்வரை, நோயோடு ஊர் திரும்புகிறவருக்குக் கைகொடுப்பவை சில தாள்களும் சில முன்யோசனைகளுமே. மருத்துவமனையைவிட்டு நீங்கும்போது தரப்படும் நோய்ச் சுருக்க அறிக்கை, பரிசோதனை முடிவுகள், படப்பிடிப்புகளின் குறுந்தட்டு, மருந்துப்பட்டியல் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். இவை இல்லாமல் ஊர் மருத்துவமனையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும், அதற்குப் பணத்தோடு உயிரான நாள்களும் செலவாகும். குறைந்தது ஒரு மாத மருந்தாவது கையில் இருப்பது பாதுகாப்பு. பாக்கி ஏதும் இல்லை என்றோ, எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்றோ எழுதிய தாளில், படித்துப் புரிந்துகொள்ளாமல் கையெழுத்திடக் கூடாது.

தமிழ்நாட்டில் காத்திருக்கும் ஏற்பாடு ஏழை நோயாளிக்குச் சிறிதன்று. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுவடிவம் பெற்று, பின்னர் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்த அது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை காப்பளிக்கிறது. அதில் சேரக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும். வெளிநாட்டுச் சம்பளம் வந்தபோது வரம்புக்கு மேலிருந்த குடும்பம், அச்சம்பளம் நின்றதும் புதிய வருமானச் சான்றுக்கு உடனே விண்ணப்பிக்கலாம். நோயாளி விமானம் ஏறும் முன்பே ஊரிலிருக்கும் மனைவியோ தம்பியோ கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து இவ்வேலையைத் தொடங்கிவிட்டால், வந்திறங்கிய வாரத்திலேயே சிகிச்சையைத் தொடர வாய்ப்புண்டு. வெளிநாட்டில் இருக்கிறார் என்பதற்காகக் குடும்ப அட்டையிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்ட வீடுகளில், இந்த வழி சிக்கலாகிவிடுகிறது. சர்க்கரைக்கும் இரத்தக்கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டம் 2021 ஆகஸ்டு முதல் நடந்துவருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கதவு எவருக்கும் திறந்தே இருக்கிறது.

இந்திய ஒன்றிய அரசு செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கென்று 2003இல் அது தொடங்கிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு, இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் என்ற எளிய சந்தாவில், விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய்க் காப்போடு ஓரளவு மருத்துவச் செலவையும் ஏற்கிறது. அதன் சிறப்பு, முதலாளி மாறினாலும் இடம் மாறினாலும் அது செல்லுபடியாகும் என்ற விதியில் இருக்கிறது. வேலையைப் பற்றிக்கொள்ளாமல் ஆளைப் பற்றிக்கொள்ளும் காப்பீடு அது. ஆனால் குடியேற்றச் சோதனை தேவைப்படும் நாடுகள் என்று இந்தியா வகுத்துள்ள 18 நாடுகளுக்குச் செல்வோருக்குத்தான் அது கட்டாயம். வளைகுடா நாடுகள் அப்பட்டியலில் உள்ளன, மலேசியா உள்ளது, நூறாண்டுகளுக்கு மேலாகத் தமிழ்த் தொழிலாளர் கரையேறிவரும் சிங்கப்பூர் அதில் இல்லை. பட்டியலைத் திருத்தாமலேயே, சிங்கப்பூருக்கு வேலை அனுமதியில் செல்வோரையும் இக்காப்பீட்டில் கட்டாயம் சேர்த்து, மருத்துவத் தொகையை இன்றைய செலவுக்கேற்ப உயர்த்தி, ஊர் திரும்பிய பின் ஆறு மாதச் சிகிச்சையையும் அதற்குள் கொண்டுவர இயலும்; அதற்குச் சிங்கப்பூரின் ஒப்புதல்கூடத் தேவையில்லை, புதுடில்லியின் ஓர் அறிவிக்கை போதும்.